கீஸருக்குப் போய்ச் சேராத 19 வோல்ட்

கண்ணு,

கீஸரில் தண்ணீர் சுட நேரமாகிறது, உள்ளே தண்ணீரைச் சுட வைக்கும் காயில் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதாக எழுதியிருந்தாய். காசு கொடுக்கும் முன் இதைப் படி. வயர் வந்து சேரும் டெர்மினலில் அவர் அளந்ததாக நீ அனுப்பிய மூன்று எண்களிலேயே விடை இருக்கிறது. தெர்மோஸ்டாட் (தண்ணீர் சுட்டதும் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) அணைந்து கீஸர் சும்மா நிற்கும்போது 226 வோல்ட். ஓடும்போது 207 வோல்ட், 7.8 ஆம்பியர்.

முதலில் காயில். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது கரண்டுக்குக் காயில் காட்டும் தடை: 207ஐ 7.8ஆல் வகு, 26.5 வரும். அது சரியான அளவுதானா என்று லேபிளே சொல்லும். 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது அல்லவா? 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகு. 26.45. காயில் புதிதாக வந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது. அதை மாற்றினால் அதே 26.45 ஓமுக்கு இன்னொன்று வந்து உட்காரும், அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீர் சுட நேரமாகிறது என்று நீ சொல்வதும் நிஜம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்: 207 பெருக்கல் 7.8, ஏறக்குறைய 1615. லேபிளில் இருக்கும் 230லிருந்து வோல்ட் பத்து சதவீதம் குறைந்ததற்கு வாட் 19 சதவீதம் குறைந்திருக்கிறது. வோல்ட் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்குகிறது, அதனால் இரட்டை அடி. ஊட்டித் தண்ணீர் 15 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள். 15 லிட்டரை 60க்கு ஏற்ற 2000 வாட்டுக்கு 23, 24 நிமிடம் போதும். 1615 வாட்டுக்கு 29 நிமிடம் ஆகும்.

இப்போது எனக்குக் கவலை தருவது அந்த 226க்கும் 207க்கும் இடையில் காணாமல் போன 19 வோல்ட். வழியில் எங்கோ அது விழுகிறது. 19ஐ 7.8ஆல் வகுத்தால் 2.4 ஓம். நல்ல வயரில் இவ்வளவு இருக்காது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் கிலோமீட்டருக்கு 7.4 ஓம். போர்டிலிருந்து பாத்ரூம் 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், 0.22 ஓம், விழுவது இரண்டு வோல்ட்டுக்கும் கீழே. தெருக் கம்பியில் விழுவதையும் சேர்த்தால் நாலு, ஐந்து வோல்ட் போகலாம். 19 போனால் ஏதோ ஓர் இணைப்பு லூஸ்.

அந்த இடத்தில் விழும் வாட் எவ்வளவு? 19 பெருக்கல் 7.8, 148. சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடும். 148 வாட்டில் பெரும்பங்கு கடலைப்பருப்பு அளவு ஸ்க்ரூ முனையில் இறங்கினால் பிளாஸ்டிக் கருகும், அப்புறம் எரியும். கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழும் ஸ்விட்ச், அந்த எம்.சி.பி. விழாதா என்று கேட்பாய். விழாது. லூஸ் இணைப்பு கரண்டைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 7.8 ஒரு பொருட்டே இல்லை. எர்த்துக்கும் எதுவும் கசியவில்லை, அதனால் கசிவைப் பார்த்து விழும் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும்.

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா? கம்பியைத் தொடாமலே இதைப் பார்க்கலாம், ஒரே ஒரு தடவை, சுவர்ப் பக்கம் யாராவது நின்று பார்த்துக்கொள்ள. பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீஸரை மட்டும் போடு. மின்மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். அதன் பக்கத்தில் 3200 என்று இருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். (சில மீட்டரில் 1600 இருக்கும், உன் மீட்டரில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடு.) ஒரு நிமிடம் எண்ணு. 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் வாட். 86 வந்தால் 1612 வாட். மீட்டரைத் தாண்டியதெல்லாம் கீஸருக்கே போகிறது, வோல்ட் விழுவது மீட்டருக்கு வெளியே, மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். 94ஐ ஒட்டி வந்தால் 1760 வாட். கீஸர் எடுத்துக்கொண்ட 1615 போக மிச்சம் உன் வீட்டுச் சுவரில் எரிகிறது, அதற்கும் பில் வரும்.

94 வந்தால் அப்புறம் கீஸரைப் போடாதே. மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வரிசை: பிளக், சாக்கெட், ஸ்விட்ச், போர்டில் திரும்பும் வயர்கள் சேரும் நியூட்ரல் கட்டை. பெரும்பாலும் சாக்கெட்தான். பிளக் பின்களில் ஒன்று மட்டும் பழுப்பேறியிருக்கும், பக்கத்துப் பிளாஸ்டிக் லேசாக உப்பியிருக்கும். ஸ்க்ரூவை இறுக்கினேன் என்று முடித்துவிட விடாதே. சூட்டில் கறுத்த பித்தளை மறுபடி சரியாகத் தொடாது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். சாக்கெட், பிளக் இரண்டுமே புதிது. கறுத்த வயர் நுனியை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியச் சீவி மாட்டச் சொல்.

கேபிள் முழுவதையும் கிளாம்ப் மீட்டருக்குள் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்) விட்டபோது பூஜ்யம் காட்டியது என்றாயே, மீட்டர் கெட்டதல்ல. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றை வயரை மட்டும் பிடித்தால்தான் எண் வரும். இன்னொன்று, பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதானால் தண்ணீர் ஆறிய பிறகு பார். சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கும், காயில் அறுந்த மாதிரியே காட்டும். அவர் அப்படித்தான் ஏமாந்தாரோ என்னவோ. இரண்டு சின்னப் பின்களுக்கு நடுவே 26 ஓம் வர வேண்டும். எர்த் பின்னுக்கும் அவற்றுக்கும் நடுவே எதுவுமே வரக் கூடாது. சில ஆயிரம் ஓம் காட்டினால் காயில் கசிகிறது, அப்போது மாற்றத்தான் வேண்டும்.

இந்த வகுத்தலை மிக்ஸியிலும் ஃபேனிலும் போட்டுப் பார்க்காதே. மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்காது, அது தனிக் கணக்கு.

சாக்கெட் மாற்றியதும் அதே டெர்மினலில் மறுபடி அளக்கச் சொல்லி எழுது. சும்மா நிற்கும்போது 226 என்றால், ஓடும்போது 222 வோல்ட், 8.4 ஆம்பியர், மீட்டர் சிமிட்டல் நூற்றை ஒட்டி வர வேண்டும்.

அம்மா