அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள்?

திருவையாறு,
14.10.2025

அன்பு நண்பனுக்கு,

ஆயுத பூஜை விடுமுறையெல்லாம் கழிந்த பிறகு உன் கடிதம் வந்து சேர்ந்தது. பூனாவில் மகன் வீட்டு ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, "காவிரியில் தண்ணீர் போகிறதா?" என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாய். நன்றாகவே போகிறது. இந்த ஆண்டும் மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அணை 120 அடியை எட்டிவிட்டது. குறுவை நன்றாக விளைந்ததுதான் இப்போது எங்களுக்குத் தொல்லையாகிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கிப்போய், நம் நெல் பதினோரு நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரிந்த கதைதானே. காலையில் பரப்பி, மேகம் கறுத்ததும் குவித்து, மறுபடியும் பரப்பி, எழுபது வயதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

அந்த நெல்லைப் பற்றிச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போய்வருகிறான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பத்தொன்பது வயது. விஜய் என்றால் அவனுக்கு உயிர். செப்டம்பர் 13ஆம் தேதி திருச்சியில் அவர் சுற்றுப்பயணம் தொடங்கியபோது, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிப் போய்விட்டு, இரவு பதினொன்றரைக்கு ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தான். விமான நிலையத்திலிருந்து மரக்கடை வருவதற்கு அந்த வண்டிக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதை ஏதோ தானே ஜெயித்துவிட்டதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த பதினான்காம் நாள், 27ஆம் தேதி, கரூருக்கும் போவதற்குக் கூட்டாளிகளோடு ஏற்பாடு செய்திருந்தான். அன்று காலையில் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. "தாத்தாவால் தனியாக அள்ள முடியாது, நீ இரு" என்று உன் தங்கை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் கோணியைப் பிடித்தான்.

அன்று இரவு தொலைக்காட்சியில் செய்தி ஓடத் தொடங்கியபோது மூன்று பேரும் பேசவில்லை. கரூர் கூட்ட நெரிசலில் 41 பேர் போய்விட்டார்கள், குழந்தைகள் உட்பட. விசாரணை நடக்கிறது, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மத்தியானத்திலிருந்து வெயிலில் நின்ற அந்த ஜனங்களைத் திரையில் பார்த்தபோது, எனக்கு ஒருவரையும் திட்ட வாய் வரவில்லை. நாம் நின்றதில்லையா?

1989ஆம் ஆண்டு ஜனவரி உனக்கு மறந்திருக்காது. அதுவரை நீ எம்.ஜி.ஆர். கட்சி, நான் சிவாஜி கட்சி. ஒருவர் ஒட்டிய போஸ்டரை மற்றவர் கிழித்தே நம் வாலிபம் கழிந்தது. எம்.ஜி.ஆர். மறைந்து, ஜானகி அம்மாள் 24 நாள் முதலமைச்சராக இருந்து, அந்த ஆட்சியும் கலைக்கப்பட்டு, காங்கிரஸ் அவரை ஆதரிக்கவில்லை என்று சிவாஜி வெளியே வந்து தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி, கடைசியில் ஜானகி அம்மாளின் இரட்டைப் புறா அணியோடு கூட்டு வைத்து நம் திருவையாற்றிலேயே நின்றார். சூரக்கோட்டைக்காரர், நம் மண், தோற்பதற்கு வழியே இல்லை என்று கணக்குப் போட்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நீயும் நானும் ஒரே வாளிப் பசையைச் சுமந்தோம். மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் மாடு போஸ்டரைத் தின்றுவிடும் என்று நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். அத்தனை வருடம் எதிர்க்கட்சியின் தொழில் ரகசியமாக அதை நீ வைத்திருந்தது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். பனியில் விரல் மரத்துப்போய், கண்டியூர்ச் சாலையில் சுவர் சுவராக ஒட்டிக்கொண்டு வருவோம். இந்தப் பக்கம் ஆற்றங்கரையில் தியாகராஜர் ஆராதனைக்குப் பந்தற்கால் நட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர் ஓட்டுக் கேட்டு வந்த இடமெல்லாம் தலைதான் தெரிந்தது. நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த பெண்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட கிழவர்கள், அவர் கையை உயர்த்தினால் அழுகை, வணங்கினால் அழுகை. அந்தக் கண்ணீரை எல்லாம் நாம் ஓட்டு என்று எண்ணிக்கொண்டோம். பெட்டியைத் திறந்து சீட்டை எண்ணினபோது ஏறத்தாழப் பத்தாயிரம் வாக்கில் தோல்வி. முன்னணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மாளும் தோற்றார். நீ ஒரே மாதத்தில் ஜெயலலிதா அணியின் சேவலுக்குத் தாவிவிட்டாய், நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். பார்க்க வருகிற கூட்டம் வேறு, வாக்களிக்க வருகிற வரிசை வேறு என்று என் அனுபவத்தை எடுத்து வைத்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "அப்போது ஓட்டுப் போட எத்தனை வயது, தாத்தா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று உறைத்தது. அன்றைக்கு 21. அதை 18 ஆக்கிய திருத்தம் அந்தத் தேர்தல் முடிந்து, மார்ச் 28ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. நம்மோடு மரத்தில் ஏறி நின்று விசில் அடித்த பையன்களில் எத்தனையோ பேருக்கு ஓட்டே கிடையாது. முப்பத்தாறு வருடமாக இதை நான் யோசித்ததில்லை. "எனக்கு இருக்கிறது" என்றான். அதற்குமேல் நான் என்ன பேசுவது? விஜயகாந்த் 2005இல் கட்சி தொடங்கி 2011இல் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்ததையும் நான் கண்ணால் பார்த்தவன்தானே. என் ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் ஜாதகம் கணிப்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அவன் தலைமுறைக்குப் பசை வாளி கிடையாது. படுத்தபடியே படத்தை வெட்டி ஒட்டி, பாட்டைச் சேர்த்து, ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறான். கரூருக்குப் பிறகு நான்கு நாள் எதையும் போடவில்லை. ஐந்தாம் நாள் மறுபடியும் போட்டான். நான் கேட்கவில்லை, சிவாஜி தோற்ற பிறகும் அவருடைய அடுத்த படத்துக்கு முதல் காட்சிக்குப் போனவன் நான்.

இவ்வளவையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உன் தங்கை, முறத்தோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் அன்னிக்கு சிவாஜிக்குப் போடலையே."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. கணவன் ரசிகர் மன்றச் செயலாளர். வீட்டுத் திண்ணை தேர்தல் அலுவலகம். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அவள் காப்பி போட்டுக்கொடுத்தாள். எத்தனையோ படத்தில் அவர் அழும்போதெல்லாம் முந்தானையை நனைத்தவள். "படத்துல அவர் அழுதா நானும் அழுவேன். அதுக்காக ஓட்டுப் போடணுமா? உங்க கூட்டத்துல ஒருத்தராவது அடுப்படிக்குள்ள தலையை நீட்டி எங்க ஓட்டைக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லைதான். அது நம் பெட்டியில் ஏற்கெனவே விழுந்துவிட்ட ஓட்டு என்று இருந்தோம். பேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு என் அம்மாவும் இவளோடு ஒன்றாகத்தான் வாக்குச் சாவடிக்குப் போனாள் என்பது நினைவுக்கு வந்து, எனக்கு இன்னொரு சந்தேகமும் கிளம்பியது. அதை இனி யாரிடம் கேட்பது!

உன் கடிதத்தில் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருந்தாய். நீ பூனாவில் இருப்பதால் தப்பித்தாய். 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் அட்டையை அஞ்சறைப் பெட்டியில், மிளகுக்கு அடியில், காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறாள். நான் இடம் கண்டுபிடித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. கட்டணமில்லாப் பேருந்தில் தஞ்சாவூர் போய் அக்காவைப் பார்த்துவிட்டு, வரும்போது எனக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிவருகிறாள். இதற்காக அடுத்த ஆண்டு யாருக்கு ஓட்டு என்று கேட்டுப் பார்த்தேன். "வாங்கின தைலத்தைத் தேயுங்க" என்று பதில் வந்தது.

மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மருமகன் திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு வருகிறார். உன் சர்க்கரை அளவைப் பற்றி எழுதாமல் நழுவியிருக்கிறாய். அசோகா அல்வா அனுப்பச் சொல்லி மட்டும் கேட்டிருக்கிறாய். அனுப்பமாட்டேன், நேரில் வந்தால் ஒரு கரண்டி உண்டு. வரும் ஜனவரி முதல் வாரத்திலேயே ஆராதனை வந்துவிடுகிறது. இப்போதே ரயிலுக்குப் பதிந்துவிடு.

ஒரு வேலையும் உனக்கு இருக்கிறது. 1989இல் அப்படியானால் யாருக்குத்தான் போட்டாள் என்பதை மூன்று நாளாகக் கேட்கிறேன். உதயசூரியனா, சேவலா, கையா, வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். அண்ணன் கேட்டால் சொல்லக்கூடும். வந்து கேட்டுப் பார்.

உன் பழைய எதிர்க்கட்சிக்காரன்