லைடார் கண்ணுக்குத் தப்பும் சுழல்கள்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. முட்டிக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதும் நல்லதாயிற்று.

காற்றாலைத் திட்டத்துக்கு அளவைக் கோபுரமே வேண்டாம், லேசர் ஒளியை அனுப்பிக் காற்றின் வேகத்தை அளக்கும் லைடார் போதும் என்கிறார்களாமே. சராசரி வேகத்துக்குப் போதும்தான். கொந்தளிப்புக்கு என்றால் கொஞ்சம் பொறு.

1.55 மைக்ரோமீட்டர் லேசர் காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறும். கற்றையின் திசையில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 1.3 மெகாஹெர்ட்ஸ். இதை அளப்பதில் சிரமமில்லை. ஆனால் ஒரு லேசர் துடிப்பு இருபது முப்பது மீட்டர் நீளக் காற்றைச் சேர்த்தே படிக்கிறது; அதைவிடச் சின்னச் சுழல்கள் சராசரியில் கரைந்துபோகும். போதாததற்குக் கற்றைகள் சாய்வாகப் போகின்றன. செங்குத்திலிருந்து 28 டிகிரி சாய்ந்தால், 100 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்க் கற்றைகளுக்கு இடையே 106 மீட்டர் இடைவெளி. இரண்டு இடத்திலும் ஒரே காற்றுதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்! முதல் கோளாறு கொந்தளிப்பைக் குறைத்துக் காட்டும், இரண்டாவது பல சமயம் கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்து விடை சரியாக வந்தால்கூட நான் நம்பமாட்டேன். செங்குத்துக் கற்றையும் உள்ள கருவியாகக் கேள். மேலும் கீழுமான அசைவை அதுவாவது நேராகப் பார்க்கும்.

நான் இப்போது மல்லுக்கட்டுவது சிண்டில்லோமீட்டரோடு. ஒரு முனையில் எல்இடி, ஒரு கிலோமீட்டர் தள்ளி உணரி. நடுவில் காற்று ஒளியை எவ்வளவு மினுக்க வைக்கிறது என்பதுதான் அளவு. அதிலிருந்து காற்றின் ஒளிவிலகல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று ஓர் எண் (Cn²) கணக்கிடுவோம். அதன் அலகைப் பார்த்தால் சிரிப்பாய்: மீட்டரின் -2/3 அடுக்கு. கொந்தளிப்பைப் பற்றி ரஷ்யக் கணித மேதை கோல்மோகோரோவ் 1941-இல் சொன்ன விதியின் பின்னம் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறிய நண்பகலில் இந்த எண்ணின் வரைகோடு 10⁻¹³ பக்கம் நிற்கும். சூரியன் மறைவதற்குச் சற்று முன், தரையும் காற்றும் ஒரே சூட்டுக்கு வரும்போது, மளமளவென்று நூறு மடங்குக்கும் மேல் இறங்கிவிடும். அந்த நேரத்தில் வெளியே போய் நின்றால் காற்று முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒளி பார்ப்பது சூட்டின் ஏற்ற இறக்கத்தை, காற்றின் ஆட்டத்தை அல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடுகிறது.

ஒன்று மட்டும் செய். பத்து நிமிடச் சராசரியோடு நிறுத்தாமல், கற்றைவாரியான மூலத் தரவையும் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. வந்ததும் ஒரு வாரத்துத் தரவை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
ராகவன்