விசா அல்ல ஐயா, அனுமதிச் சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, அருணாசலப் பிரதேசத்துத் தவாங் பயணக் கட்டுரையில் 'சீன எல்லை என்பதால் சொந்த நாட்டிலேயே விசா கேட்கிறார்கள்' என்று ஒரு வரி. படித்ததும் காபி ஆறிப்போய்விட்டது.

அது விசா அல்ல. வெளி மாநிலத்தார் அந்த மலைக்குள் போக வாங்கவேண்டிய சீட்டு: உள்கோட்டு அனுமதி, ஐ.எல்.பி. சீனாவுக்காக வந்ததும் அல்ல. அசாம் சமவெளியின் தேயிலைத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் மலைக்குள் புகுந்து வம்பு வளர்க்கக்கூடாதென்று 1873-லேயே வெள்ளைக்காரன் போட்ட சட்டம். சீனப் பக்கத்து எல்லையான மக்மகான் கோடு 1914-ல் வந்தது, அதுவும் தவாங்குக்கு வடக்கே. இரண்டு கோடுகளையும் ஒன்றாக்கிய பெருமை தங்கள் கட்டுரையாளரையே சேரும்.

நான் எல்லைச் சாலைகள் போடும் கிரெஃப் படையில் ரோடு போட்டவன். 20.2.1987 அன்று அருணாசலம் மாநிலமானபோது பொம்டிலா முகாமில்தான் இருந்தேன். ஒருமுறை ஊரிலிருந்து மனைவியும் கைக்குழந்தையும் வந்தார்கள். சீட்டில் தேதி முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. கவனிக்காதது என் தப்பு. அசாம் எல்லையிலுள்ள பாலுக்பாங் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். கேட் காவலர் குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார், ஆனால் கம்பத்தைத் தூக்கவில்லை. புதுச் சீட்டு வந்த பிறகுதான் விட்டார். எனக்கு அவமானமாகப் படவில்லை. வெளியார் நிலம் வாங்க முடியாத மலை அது. கொடைக்கானலை நாம் பார்த்துக்கொண்ட லட்சணம் தங்களுக்குத் தெரியாததா?

பொம்டிலாவிலிருந்து மணியார்டர் அனுப்பினால் 'எந்த நாட்டில் வேலை?' என்று ஊரில் வீட்டாரைக் கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தங்கள் இதழின் இந்திய வரைபடமே குவாஹாட்டியோடு நடுமடிப்பில் மறைந்துவிடுகிறது. அருணாசலத்தின் 83,743 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஸ்டேப்ளர் பின்னுக்கடியில்! இதைப்பற்றி முன்பே இரண்டு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை, இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

'முன்பு அசாம் அமைச்சர்கள் ஆண்ட பகுதி' என்பதும் தவறு. அருணாசலம் 'நேஃபா' (வடகிழக்கு எல்லைப்புற முகமை) என்றிருந்த காலத்தில் அசாம் ஆளுநர்தான், குடியரசுத் தலைவர் சார்பில் நிர்வகித்தார். 1965 வரை டெல்லியில் அதைப் பார்த்துக்கொண்டது வெளியுறவு அமைச்சகம். உள்நாட்டு மலையை வெளியுறவுக்காரர்கள் பார்த்துக்கொண்ட கூத்தை எழுதியிருந்தால் கட்டுரைக்குச் சுவை கூடியிருக்கும். தவாங் போகும் வழியிலுள்ள சேலா கணவாயில், 13,700 அடியில், பனி வெட்டிய ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. 2024-ல் திறந்த சுரங்கப்பாதையில் ஏசி காரில் போனவருக்கு அது எப்படித் தெரியும்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும், மடிப்பில் விழாத ஒரு சின்ன வரைபடமும் போடுங்கள். இடம் போதாதென்றால் ராசிபலனில் மீனத்தை ஒரு வாரம் நிறுத்திக்கொள்ளலாம். நான் மீனம்தான், பொறுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர்,
திருமங்கலம்.