செல்போனைத் தூக்கிப் பிடித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளியும் வியாழனும் வானில் நெருங்கி வருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் கடைசியில், செல்போனைத் தூக்கிப் பிடித்தாலே போதும், பக்கத்தில் உள்ள படம் மாதிரி உங்களுக்கும் கிடைத்துவிடும் என்று ஒரு வரி. எழுதியவர் ஒருமுறையாவது தூக்கிப் பிடித்துப் பார்த்தாரா?

தாங்கள் அறியாததல்ல. செல்போனின் சாதாரண கேமரா சுமார் 70 டிகிரி வானத்தை 4000 பிக்சலுக்குள் அடைக்கிறது. டிகிரிக்கு 60 பிக்சல்கூடத் தேறாது. ஒரு டிகிரிக்கு 3600 விகலை. வியாழனின் வட்டமோ, அது நமக்கு மிக அருகில் வரும்போதே 50 விகலைதான். முழு வியாழனும் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். படத்தில் வெள்ளைக் குண்டாகத் தெரிவது கிரகமல்ல, லென்ஸில் சிதறிய வெளிச்சம். தாங்கள் அச்சிட்ட படத்திலோ வியாழனின் மேகப் பட்டைகளை எண்ணலாம்! தொலைநோக்கியில் எடுத்த படம் அது. எடுத்தவர் பெயர்? ‘படம்: இணையம்’. இணையம்தான் பனியில் நின்று ஃபோகஸ் செய்தது போலும்.

அந்தப் பட்டைகள் சும்மா வருவதில்லை. வெள்ளியின்மேல் விழும் வெயில், வியாழன்மேல் விழுவதைப்போல் 50 மடங்கு. பட்டை தெரியும்படி எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் ஒளியின் அளவு) வைத்தால் வெள்ளி வெளுத்துப்போய் வெறும் பொட்டாகிவிடும். வெள்ளியின் தேய்ந்த வடிவம் தெரிய வைத்தால் வியாழன் மங்கிவிடும். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் வேண்டுமென்றால் இரண்டு கிரகங்களுமே வெளுக்கும். அதனால்தான் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்துப் பிறகு சேர்க்கிறார்கள். அளவையும் இடைவெளியையும் மாற்றாமல், சேர்த்ததையும் சொல்லிவிட்டால் அதில் தவறே இல்லை.

தாங்கள் 2020 டிசம்பரில் செய்தது அதுவல்ல. வியாழனும் சனியும் நெருங்கிய 21-ஆம் தேதிக்குத் தாங்கள் போட்ட படத்தில் சனியின் வளையம் வியாழனை உரசிக்கொண்டிருந்தது. அன்று இடைவெளி சுமார் 6 கலை, அதாவது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு; நடுவில் பத்து வியாழன்களை வரிசையாக நிறுத்தலாம். தலைப்பு ‘மோதல்’ வேறு. உண்மையில் ஒன்றுக்குப் பின்னால் 70 கோடி கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி நின்றது மற்றொன்று. ‘800 ஆண்டுகளில் முதல்முறை’ என்ற கணக்கும் பாதிதான் சரி. 1623-இல் அதைவிடவே நெருங்கின. சூரியனை ஒட்டி இருந்ததால் பார்ப்பது கடினம். எளிதாகப் பார்க்கும்படி அவ்வளவு நெருங்கியது 1226-இல். 2020-இலும் இதைக் கடிதமாக எழுதினோம். தபாலில் தொலைந்திருக்கும்.

இப்போது இந்தச் சந்திப்பை ‘அபூர்வம்’ என்கிறீர்கள். வெள்ளியும் வியாழனும் ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை சந்திக்கின்றன. 2023 மார்ச் 1-இல் அரை டிகிரி, 2025 ஆகஸ்ட் 12-இல் ஒரு டிகிரிக்குள். எவ்வளவு நெருக்கம், சூரியனிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதுதான் சந்திப்புக்குச் சந்திப்பு மாறுகிறது. கட்டுரையில் இல்லாததும் அந்த இரண்டுதான்.

செல்போன்காரர்களுக்கு உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கலாம்: போனை முக்காலியிலோ சுவரிலோ நிறுத்தி, 2 விநாடி டைமர் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, அடிவானத்து மரத்தையும் சேர்த்து எடுங்கள். இரண்டு புள்ளிதான் வரும், ஆனால் நேர்மையான புள்ளி. கேமரா உள்ளவர்களுக்கு 200 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, அரை விநாடி எக்ஸ்போஷர். ஒரு விநாடியைத் தாண்டினாலே பூமி சுழல்வதால் புள்ளி கோடாக இழுபடும். ஃபோகஸை லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை (∞) நம்பி வைக்கக்கூடாது. திரையில் வெள்ளியைப் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறுக்கும்வரை கையால் திருப்ப வேண்டும். அடிவானத்தை ஒட்டி எடுத்தால் கிரகத்தின் ஒரு விளிம்பு சிவப்பாகவும் மறுவிளிம்பு நீலமாகவும் வரும். காற்று பட்டகமாக வேலை செய்வதால் வருவது அது. லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சூரியன் மறையுமுன்பே பைனாகுலரில் தேடத் தொடங்குங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? தேடும்போது சூரியன் ஒரு நொடி உள்ளே வந்தாலும் பார்வை போகும்.

அடுத்த முறை எந்தத் திசை, சூரியன் மறைந்து எத்தனை நிமிடம் கழித்து, இடைவெளி எத்தனை டிகிரி என்று மூன்றைப் போடுங்கள். படத்தை எடுத்தவர் பெயரையும். இடம் போதாதென்றால் ‘அபூர்வ’ என்பதை எடுத்துவிடலாம். பைனாகுலர் வரிக்கு மட்டும் வரும் இதழிலேயே திருத்தம் வேண்டும்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிவரும் வாசகன்