உறைபனி வேறு, உறைந்த ஏரி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் ஆண்டுதோறும் நீலகிரியைப் பற்றி ஒரே மாதிரி தலைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. "காஷ்மீராக மாறிய ஊட்டி", "உறைந்தது ஏரி". கொடைக்கானலுக்கும் இதே கதைதான். ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளைப் போர்வை போர்த்திக் கிடப்பது உண்மை. ஏரி உறைந்தது என்பது உண்மையல்ல. ஊட்டி ஏரியோ, கொடைக்கானல் ஏரியோ, காமராஜ் சாகர் அணையோ ஆள் நிற்கும்படி உறைவதே இல்லை.

இதை வெறும் சொல் திருத்தமாக எண்ணி நாங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கனடாவுக்கும் ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் படிக்கப் போகிறார்கள். குளிர்கால விடுமுறையில் நண்பர்களோடு லடாக் போகிறார்கள். அங்கே ஏரி நிஜமாகவே உறையும், அதன்மேல் சறுக்கிப் பார்க்க ஆசை வரும். வெள்ளையாகத் தெரிந்தால் கெட்டியாக இருக்கும் என்ற நினைப்பை இங்கிருந்து அவர்கள் சுமந்துகொண்டு போகக் கூடாது. ஏரி ஐஸின் பலம் கண்ணுக்குத் தெரியாது, துளை போட்டு அளந்தால்தான் தெரியும்.

முதலில் நம்மூர்ப் பனி. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆளுயரத்தில் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே புல்நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நேரடியாகப் பனித்துகளாகப் படியும். இதுதான் உறைபனி. அதற்கு முன் வாரங்களில் உறையாமல் துளியாகப் படிவது நீர்ப்பனி. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி இறங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியைவிடத் தாழ்வாக இருக்கும் தலைகுந்தாவிலும் காந்தலிலும் அவலாஞ்சியிலும் வெள்ளை அதிகம். கொடைக்கானலில் ஜிம்கானா மைதானம், கீழ்பூமிப் பகுதிகளில் முதலில் படிவதும் இப்படித்தான்.

வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடிச் சில்லு போல ஐஸ் கட்டுகிறதே, அப்படியானால் ஏரியில் மட்டும் ஏன் கட்டாது என்று கேட்கலாம். வாளியில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். 18-ஆம் நூற்றாண்டில் அலகாபாத்திலும் வங்காளத்திலும் வைக்கோல் பரப்பிய பள்ளங்களில் ஆழமில்லாத மண்சட்டிகளை வைத்து, மெல்லிய படலமாகத் தண்ணீர் ஊற்றி, விடியற்காலையில் ஐஸ் எடுத்திருக்கிறார்கள். அதே தண்ணீரைக் குளத்தில் விட்டிருந்தால் ஒரு சில்லுகூடக் கிடைத்திருக்காது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். மேல்மட்டம் குளிரக் குளிர அந்தத் தண்ணீர் கீழே இறங்கி, சூடான தண்ணீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்து உறையத் தொடங்கும். இரவில் சில மணி நேரம் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு, பகலில் 20 டிகிரிக்கு ஏறும் ஊரில் அதற்கு வழியே இல்லை. விடியற்காலையில் ஊட்டி ஏரியின் மேல் வெண்புகை எழுவதைப் படம் பிடித்து "உறைந்த ஏரி" என்று போடுகிறார்களே, அந்தப் புகையே ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதற்குச் சாட்சி.

அந்தக் காலத்தில் சென்னை தன் ஐஸை நீலகிரியிலிருந்து வாங்கவில்லை என்பதையும் இங்கே நினைவூட்டலாம். மசாசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்தெடுத்த பாளங்கள் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றை வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினாவில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

உறையும் ஏரியில் ஐஸ் எப்படித் தடிக்கிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரவும் பகலும் சேர்த்த 24 மணி நேரச் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே எத்தனை டிகிரியோ, அதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். மேலே பனிப்பொழிவு மூடாத ஏரியில், முதல் படலம் கட்டிய பிறகு அந்தக் கூட்டுத்தொகை 15-ஐ எட்டும்போது ஐஸ் சுமார் 10 செ.மீ. இருக்கும். சராசரி மைனஸ் 5 என்றால் மூன்று நாள். ஆனால் 20 செ.மீ. ஆக வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 30 போதாது, 60 வேண்டும். ஐஸே கம்பளி மாதிரி அடித்தண்ணீரைக் குளிரிலிருந்து மறைப்பதால் தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தமாகும். மேலே விழும் பனி இன்னும் நல்ல கம்பளி. "ஒரு வாரமாகப் பனி கொட்டுகிறது, ஏரி நன்றாக இறுகியிருக்கும்" என்று சொல்வது நேர்மாறான கணக்கு.

எவ்வளவு தடிமன் வேண்டும்? ஒருவர் நடக்கவோ சறுக்கவோ 15 செ.மீ., கூட்டமாகச் சறுக்கவோ விளையாடவோ 20 செ.மீ. என்று கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தெளிந்த புது ஐஸில் நடக்க 10 செ.மீ. என்கிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் பெரிய எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தடிமன் பாதியானால் தாங்கும் எடை பாதியல்ல, கால்வாசியாகிவிடும். இந்த எண்கள் எல்லாமே தெளிந்த ஐஸுக்கு மட்டும். அடியிலுள்ள கருந்தண்ணீர் தெரியும்படி கண்ணாடி போல இருப்பதுதான் பலமானது. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும். அதற்கு இரு மடங்கு தடிமன் வேண்டும். நம்மூர்க் கண் வெள்ளையைத்தான் தேடும், பயம் கறுப்பைப் பார்த்துத்தான் வரும். அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம். வசந்தம் நெருங்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. வெயில் பட்டு ஐஸ் செங்குத்தான குச்சிகளாகப் பிரிந்து நிற்கும். அளந்தால் 30 செ.மீ. காட்டும், காலை வைத்தால் மெழுகுவத்திக் கட்டு போலக் கலைந்துவிடும். அந்தக் காலத்தில் தடிமன் கணக்கே செல்லாது.

அளப்பது எளிது. பேட்டரி டிரில்லில் மரம் துளைக்கும் நீண்ட பிட் போதும், அல்லது நுனி கூரான இரும்புக் கோல். கரையிலேயே முதல் துளை, பிறகு சுமார் 45 மீட்டருக்கு ஒன்று. துளைக்குள் கொக்கி வளைத்த அளவுகோலை விட்டு, ஐஸின் அடிவிளிம்பில் மாட்டிப் படிக்க வேண்டும். நிறம் மாறினாலும், நாணல் தெரிந்தாலும், பாறை அல்லது படகுத்துறைத் தூண் நெருங்கினாலும் தூரம் பார்க்காமல் மறுபடி துளை போட வேண்டும். ஓடை சேருமிடம், ஏரி வழியுமிடம், பாலத்தின் அடி, இரு கரை நெருங்கும் குறுகல், அடியில் ஊற்று உள்ள இடம் ஆகியவற்றில் ஓடும் தண்ணீர் ஐஸை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். நேற்று அளந்தது நேற்றைக்குத்தான்.

ஏரி சத்தம் போடும். தூரத்தில் இடி போல முழங்கினால் பயப்பட வேண்டியதில்லை, வெப்பநிலை மாற்றத்தில் ஐஸ் விரிந்து சுருங்கும் ஒலி அது. காலடியில் கீச்சென்று உயர்ந்த சுருதியில் பாடினால் ஐஸ் மெல்லியது. வெடிப்பின் வழியே தண்ணீர் மேலே கசிந்தால், வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.

நண்பர்களாகப் போவது நல்லது, தனியே போகவே கூடாது. ஆனால் ஆபத்து வருவதும் நண்பர்கள் ஒன்றுகூடும்போதுதான். ஆறு பேர் தோளில் கைபோட்டுப் படம் எடுக்க நின்றால் நானூறு கிலோ ஒரே இடத்தில் அழுத்துகிறது. சறுக்கும்போது ஆளுக்கு ஆள் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும். அனுபவசாலி முன்னே கோலால் தட்டிக்கொண்டே போக, மற்றவர்கள் அவர் தடத்திலேயே வர வேண்டும். படம் எடுப்பது, தேநீர் குடிப்பது எல்லாம் கரையில்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஐஸ் கத்தி இருக்க வேண்டும். மரப்பிடியில் ஆணி பொருத்திய இரண்டு சிறு குத்தூசிகள்தான் அவை, விலை அதிகமில்லை. ஒரு விசில். எறிந்தால் பையிலிருந்து விரியும் 15 முதல் 20 மீட்டர் கயிறு. முதுகுப் பையில் தண்ணீர் புகாத உறைக்குள் முழு மாற்றுடை. அந்த உறையில் அடைபட்ட காற்று விழுந்தவரை மிதக்க வைக்கும், ஆனால் பையை இடுப்பிலும் தொடைகளுக்கு நடுவிலும் வாரால் கட்டியிருந்தால்தான். இல்லையென்றால் பை தலைக்கு மேலே போய்விடும்.

விழுந்துவிட்டால் 1, 10, 1 என்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு தன்னால் வாரியிழுக்கும். அப்போது தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கை, கால் சொன்னபடி கேட்கும். வெளியே வர வேண்டிய நேரம் அது. குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். குளிரில் உறைந்து சாவதைவிட, முதல் நிமிடத்தில் பதறித் தண்ணீர் குடித்துச் சாவதுதான் அருகில் இருக்கும் ஆபத்து. வந்த திசைக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்க ஐஸ் உங்களைத் தாங்கியிருக்கிறது. குத்தூசிகளை ஐஸில் ஊன்றி, கால்களை நீந்துவது போல உதைத்து, உடம்பைக் கிடைமட்டமாக்கி மேலே இழுக்க வேண்டும். வந்ததும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

காப்பாற்றப் போகிறவர் குழியின் அருகே ஓடுவதால்தான் ஒரு ஆள் விழுந்த இடத்தில் இரண்டு, மூன்று பேர் விழுகிறார்கள். தள்ளிப் படுத்துக்கொண்டு கயிறு எறிய வேண்டும். கயிறில்லை என்றால் கோல், ஏணி, முடிச்சுப் போட்ட துப்பட்டா, எதுவானாலும் நீட்டலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112. கரைக்கு வந்தவரின் ஈர உடையைக் கழற்றி, உலர்ந்தது போட்டு, காற்றுப் படாமல் போர்த்த வேண்டும். கை, காலைத் தேய்க்கக் கூடாது, சாராயம் கொடுக்கவே கூடாது.

ஸ்கேட் ஷூவைப் பற்றிச் சுருக்கமாக. நடக்கும் ஷூவைவிட ஓர் அளவு சிறியதே பெரும்பாலும் பொருந்தும். மெல்லிய சாக்ஸோடு விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. இரண்டு சாக்ஸ் போட்டால் கால் உள்ளே ஆடும், கணுக்கால் மடங்கும். நாடாவை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் வளைவில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். முழங்காலை மடக்கி, கைகளை முன்னே வைத்து, விழுவதென்றால் பக்கவாட்டில் விழப் பழக வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். ஏரி ஐஸில் வெடிப்புகள் ஓடும். அவற்றோடு இணையாகப் போனால் பிளேடு சிக்கிக்கொள்ளும், குறுக்காகவே கடக்க வேண்டும். முடிந்ததும் பிளேடைத் துணியால் துடைத்து உலர விட வேண்டும். ரப்பர் உறைக்குள் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு.

நம் நாட்டிலேயே பழக இடங்கள் உண்டு. சிம்லாவில் 1920-லிருந்து இயங்கும் திறந்தவெளித் தளத்தில் இயற்கைக் குளிரிலேயே தண்ணீரை உறைய வைத்துச் சறுக்குகிறார்கள். லடாக்கின் லே நகரில் குப்புக்ஸ் குளத்தில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள், கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளும் நடந்திருக்கின்றன. லே 3,500 மீட்டர் உயரம் என்பதால், போன முதல் இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகே ஸ்கேட்டைக் கட்ட வேண்டும். பாங்காங் ஏரி உப்புத்தன்மை உடையது. உப்பு கலந்த ஐஸ், நன்னீர் ஐஸைவிட மென்மையானது. உள்ளூர்க்காரர் சொல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

குளிர் நாடுகளிலும் ஐஸ் முன்போல் நம்பிக்கைக்கு உரியதாக இல்லை. ஒட்டாவாவின் ரீடோ கால்வாயில் 7.8 கி.மீ. நீளத்துக்குச் சறுக்குப் பாதை போடுவார்கள். 30 செ.மீ. போல ஐஸ் இருந்தால்தான் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில், அரை நூற்றாண்டில் முதல் தடவையாக, அது திறக்கவே இல்லை. நெதர்லாந்தின் 200 கி.மீ. பதினோரு நகரச் சறுக்குப் போட்டி கடைசியாக நடந்தது 1997-ல். அதனால் "போன வருடம் இதே தேதியில் சறுக்கினோம்" என்று நண்பர்கள் சொல்வதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. செய்தியில் "ஏரி உறைந்தது" என்று எழுதாமல் "புல்வெளியில் உறைபனி" என்று எழுதுங்கள். குறைந்தபட்ச வெப்பநிலையைப் போடும்போது, அது காற்றில் அளந்ததா, புல்மட்டத்தில் அளந்ததா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பனி பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வரி எச்சரிக்கையும் வேண்டும். அணையோரச் சதுப்பில் வெள்ளை படிந்த புல் கெட்டித் தரை போலத் தெரியும், கீழே சேறு. மேலும் உறைந்த புல்லை மிதித்தால் அது நொறுங்கிச் சாகும். வெயில் ஏறியதும் காலடியும் டயர் தடமும் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். சாலையோரம் நின்றே நன்றாகப் பார்க்கலாம். வெயில் படுவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஐஸ் ஸ்கேட்டிங் பழகிய நண்பர்கள் சிலர்,
உதகமண்டலம்.