மலர்க் கோப்பும் வினாத்தாள் கோப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ச் சங்கம் 1997 இல் வெளியிட்ட மலரை இந்த ஆண்டு மறுபதிப்புச் செய்ய நினைத்தோம். கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவால் கோத்த மலர். இறுவட்டு பத்திரமாக இருந்தது. கோப்பைத் திறக்கும் மென்பொருள்தான் யாரிடமும் இல்லை. ஒரு கட்டுரையை மட்டும் எப்படியோ வெளியே எடுத்தோம். 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. அதை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றிவிட்டோம், சரி. மற்றவை? 112 பக்கத்தையும் திரும்பத் தட்டச்சு செய்கிறோம்.

1992 இல் நான் ட்ரோஃப் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதிய கணித வினாத்தாள் கோப்பு ஒன்றைக் கணினிக்குக் கணினி நகலெடுத்து வைத்திருந்தேன். போன மாதம், ட்ரோஃப்பின் இலவச மறுஆக்கமான க்ரோஃப்பில் ஒரே கட்டளை கொடுத்தேன். பின்னமும் வர்க்கமூலமும் இருந்த இடத்திலேயே இருக்க, பீடிஎஃப் ஆக வந்துவிட்டது. ட்ரோஃப் 1973 அளவில் பெல் ஆய்வுகூடத்தில் ஜோ ஒசானா எழுதியது. கோப்பில் வெறும் எழுத்துத்தான் இருக்கும். புள்ளியில் தொடங்கும் வரிகள் கட்டளைகள்: இங்கே புதுப் பந்தி, இதை நடுவில் வை, இங்கே பக்கம் மாற்று. எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் மனிதர் வாசித்துவிடலாம்.

ஆனால் தமிழுக்கு க்ரோஃப் சரிவராது. 'கெ' என்பதில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலுமாகவே யுனிகோடில் சேமிக்கப்படுகிறது. அச்சில் கொம்பை முன்னே கொண்டுவர க்ரோஃப்புக்குத் தெரியாது. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் வழியில் 2004 இல் வந்த ஸீடெக்குக்கு அது தெரியும். அதுவும் இலவசம். பொருளடக்கத்தையும் அடிக்குறிப்பு எண்களையும் தானே போட்டுக்கொள்ளும். மறுபதிப்பை அதில்தான் அமைக்கிறேன். பழகப் பத்து நாள் மாலை போதும்.

கொழும்பில் கும்பாபிஷேக மலர், பரிசளிப்பு விழா மலர், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர் என்று எவ்வளவோ அச்சாகின்றன. ஓர் ஊரின் வரலாறு பல நேரம் அவற்றில் மட்டும்தான் இருக்கிறது. வெளியிடுபவர்கள் பீடிஎஃப்புடன் யுனிகோட் எழுத்துக் கோப்பையும் அச்சகத்திடம் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தைப் பேசும்போதே கேளுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் கிடைப்பது கடினம். ஸீடெக் பழக விரும்பும் சங்கங்களுக்கு ஞாயிறு காலைகளில் வந்து சொல்லித்தர நான் தயார்.

ஓய்வுபெற்ற கணித விரிவுரையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06