பாவித்த கொம்பியூட்டரின் கோர்களைத் திறந்து விற்பவர்கள் சோதித்துவிட்டு விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் பாவித்த கொம்பியூட்டர் தேடி அலையும் பெற்றோரின் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மகளுக்காகப் போன வருடம் ஒரு மேசைக் கொம்பியூட்டர் வாங்கினேன். நாலு கோர், அதாவது புரொசசருக்குள் கணக்குப் போடும் பகுதி நாலு என்று சொன்னார்கள், விலையும் நாலு கோருக்குரிய விலைதான். மூன்று கிழமை ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் பின்னேரம், அவள் செயற்றிட்டத்துக்கான தரவுத்தளத்தைச் செய்துகொண்டிருக்கும்போது விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை விழுந்து இரண்டு நாள் வேலை போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தால் வைரஸ் என்றார்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள், அதற்கும் காசு வாங்கினார்கள். ஐந்தாம் நாள் திரும்பவும் அதே நீலத்திரை.

நான் இந்தத் தொழில் செய்பவன் இல்லை, ஆனாலும் பெட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டு. கொம்பியூட்டரைப் போடும்போது வரும் முதல் திரையை அன்றைக்குத்தான் கவனித்து வாசித்தேன். 'ஃபினோம் 2 எக்ஸ்4 பி50' என்று இருந்தது. அந்தப் பெயரில் ஏஎம்டி நிறுவனம் ஒரு புரொசசரையும் கடைக்கு விட்டதில்லை. புரொசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றி, இரண்டுக்கும் இடையில் சூடு கடத்தப் பூசும், காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் புரொசசரின் மூடியில் பொறித்த இலக்கத்தில் 550 என்று கிடந்தது. அதாவது 2009 ஜூனில் வந்த எக்ஸ்2 550, இரண்டு கோர், 3.1 கிகாஹேட்ஸ்.

இது எப்படி நாலாகிறது என்றால், அந்த எக்ஸ்2வின் உள்ளே இருப்பது நாலு கோர் வார்த்த அதே சில்லுதான். வார்க்கும்போது ஒரு கோரோ இரண்டோ பழுதாகிவிட்டால் அதை மூடிவிட்டுக் குறைந்த விலைக்கு விற்பார்கள், சில வேளை பழுதே இல்லாததையும் சந்தையில் இரண்டு கோருக்குக் கேள்வி கூடினால் மூடி விற்பார்கள். அந்தக் காலத்து மதர்போர்ட்களில் எஸ்பி750, எஸ்பி710 சில்லுகளோடு ஏசிசி என்றொரு வசதி வந்தது, வேகம் கூட்டுவதற்கு உதவியாகச் செய்தது. அதைப் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், ஆட்டோ என்று போட்டால் மூடியிருந்த கோர்களும் திறந்துகொள்கின்றன என்று பாவிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு மதர்போர்ட் நிறுவனங்களே கோர் திறக்க என்று தனி வசதி வைத்து விற்றன. ஆகவே திறப்பதில் ஒரு பிழையும் இல்லை, காசு குறைந்த வீட்டுக்கு அது பெரிய உதவி, நானும் திறக்கத்தான் சொல்வேன். என் கோபமெல்லாம் திறந்த கோர் நல்லதா பழுதா என்று பார்க்காமல், வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்பதில்தான். விண்டோஸ் நாலு கோரைக் காட்டுகிறது என்பதற்காக நாலும் சரியாகக் கணக்குப் போடும் என்று ஆகிவிடாது.

பார்ப்பதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது. பிரைம்95 என்பது மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது, அதன் சோதனையில் ஒவ்வொரு கோருக்கும் விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கள் பெட்டியில் போட்டேன். ஏழாவது நிமிடம் நாலாவது கோரின் வரி மட்டும் சிவந்து நின்றுபோனது, மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை, பழுதென்று மூடி வைத்த கோரை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். நல்ல வேளையாக எங்கள் பயாஸில் கோர்களைத் தனித்தனியே மூடலாம். நாலாவதை மூடிவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் வரவில்லை.

இங்கே எங்கள் ஊர்க்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மார்கழி மழையில், இரவில் செய்த சோதனையை நம்பவே கூடாது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது, ஏசி இல்லாத அறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு இரவில் 52 பாகை காட்டியது, கச்சான் நாளில் 61க்குப் போயிற்று, ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் படிந்திருந்த தூசியை எடுத்துப் புதுப் பேஸ்ட் போட்ட பிறகே 57க்கு வந்தது. எக்ஸ்4 955 போன்ற நாலு கோருக்கு ஏஎம்டி சொன்ன உச்ச எல்லையே 62 பாகை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது, கோர்களைத் திறந்ததும் கோருக்குள் இருக்கும் வெப்பமானி சரியாக வாசிக்காது, பூச்சியம் என்றுகூடக் காட்டும், அதைப் பார்த்துவிட்டு நல்ல குளிர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். மதர்போர்ட் தரும் சிபியு வெப்பநிலையைத்தான் பார்க்க வேண்டும்.

வேகம் கூட்ட ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்கிறேன். முதலில் கோர், பிறகு வேகம், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. 550 பிளாக் எடிஷன் வகை என்பதால் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி எண் பூட்டப்படவில்லை, அடிப்படை வேகமான 200 மெகாஹேட்ஸை 15.5ஆல் பெருக்கித்தான் 3.1 வருகிறது, 16 என்று போட்டால் 3.2. அரை அரையாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். அந்த 200ஐக் கூட்டினால் ரேமின் வேகமும் சேர்ந்து ஏறும், ஆகவே தெரியாமல் அதில் கை வைக்க வேண்டாம். வோல்ட்டேஜில்தான் அதிக கவனம் தேவை, 1.35இல் இருந்து 1.45க்கு ஏற்றினால் வேகம் கூடாமலே ஏறக்குறைய 15 வீதம் கூடுதலாக மின்சாரம் இழுக்கும், அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். இரண்டு கோருக்கென்று 80 வாட் கணக்கில் வாங்கிய மலிவான பவர் சப்ளை நாலு கோரோடு இதையும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். நான் மூன்று கோரோடு 3.3இல் நிறுத்திவிட்டேன், வோல்ட்டேஜைத் தொடவேயில்லை.

இப்போது வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது, விண்டோஸின் எம்எஸ்கொன்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் போய்ப் புரொசசர் எண்ணிக்கையை மாற்றினால் மறைந்த கோர்கள் திறக்கும் என்று. முழுப் பொய். விண்டோஸ் இருக்கிற எல்லாக் கோரையும் தானாகவே எடுத்துக்கொள்ளும், அந்தக் கட்டம் எண்ணிக்கையைக் குறைத்துச் சோதிப்பதற்காக வைத்தது. பிள்ளைகள் அதில் 2 என்று போட்டுவிட்டு நாலு கோர் மெஷினை அரைவாசியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விற்பவர்களிடம் கேட்பது இரண்டே விடயம். புரொசசரின் மூடியில் பொறித்திருக்கும் இலக்கத்தை பில்லில் எழுதித் தாருங்கள். கோர் திறந்திருந்தால் திறந்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதுங்கள், ஒரு பகல் முழுக்கச் சோதித்துப் பார்த்தும் கொடுங்கள். வாங்குபவர்கள் காசைக் கொடுக்கும் முன் போடும் திரையில் வரும் பெயரைப் போனில் படம் எடுத்து, அப்படியொரு புரொசசர் உண்டா என்று தேடிப் பார்க்கவும். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இதைப் படத்தோடு போட முடியுமானால், பரீட்சைக்கு முன் கொம்பியூட்டர் வாங்கப்போகும் வீடுகளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.